கணவனுக்குத் தெரியாமல் ஒரு ரொட்டி

பெரூனா அந்த ஊரில் புத்தகமாக வேலை பார்த்தார்.

இப்படிச் சொன்னால் சிரிப்பு வரலாம். ஆனால் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. முன்னோர் வாயால் சொன்ன சட்டங்களை எழுதி வைத்துக்கொண்டு பாடம் சொல்லக்கூடாது, வாயிலிருந்து வாய்க்குத்தான் போகவேண்டும் என்பது யூப்ரடீஸ் ஆற்றுக் கால்வாய்க்கரையில் இருந்த யூத ஊர்கள் அனைத்திலும் வழக்கம். ஆகவே பாடமண்டபத்தில் முன்வரிசைக்காரர்கள் ஏதாவது ஒன்றைப் பற்றித் தொண்டை வறள வாதாடி, முடிவு தெரியாமல் போகும்போது, தலைமை ஆசான் ராவ் நெஹுமி வலப்பக்கம் திரும்புவார். அங்கே தூணோரம் பெரூனா உட்கார்ந்திருப்பார்.

"பெரூனா, உன்கிட்ட இருக்கா?"

இருக்கும். அவர் கண்ணை மூடி, முன்னும் பின்னும் ஆடி, ராகத்தோடு ஒப்பிப்பார். முடித்ததும் கண்ணைத் திறந்து பேசாமல் உட்கார்ந்துகொள்வார். அதன் பொருள் என்ன, எதோடு எது முட்டுகிறது, எப்படித் தீர்ப்பது என்பதெல்லாம் மற்றவர்கள் வேலை. பதினெட்டு வருஷமாக ஓர் எழுத்து கூடியதில்லை, குறைந்ததில்லை.

இதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வீட்டிலிருந்து மண்டபம் வரை கால்வாய்க் கரையில் இருநூற்றுப் பதினோரு பேரீச்சை மரங்கள். அன்றன்றைக்கு எந்தப் பகுதியோ அதில் ஒரு மரத்துக்கு ஒரு வரி. மரத்தைத் தாண்டும்போது வரியும் தாண்டவேண்டும். நடுவில் யாராவது "அண்ணே, சௌக்கியமா?" என்று நிறுத்திவிட்டால், பாலத்தடிக்குத் திரும்பிப் போய் முதல் மரத்திலிருந்து தொடங்குவார். புதிதாக ஒரு வரி வந்து சேர்ந்தால் அதை வீட்டில் நாற்பது தடவை சொல்லுவார். அவர் மனைவி ஷில்தா அந்த நேரத்தில் மாவு பிசைந்துகொண்டிருப்பாள்.

அவர்கள் குடியிருந்த முற்றத்தில் ஏழு வீடுகள். எல்லா வாசலும் நடுவே இருந்த கிணற்றைப் பார்த்து இருக்கும். வெள்ளி மாலை தொடங்கும் சனிக்கிழமை ஓய்வுநாளில் வீட்டிலிருந்து முற்றத்துக்கோ முற்றத்திலிருந்து வீட்டுக்கோ ஒரு கிண்ணம்கூட எடுத்துப் போகக்கூடாது. ஆனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு ஒரு ரொட்டி வீதம் சேர்த்து ஒரே வீட்டில் வைத்துவிட்டால், ஏழு வீடும் ஒரே அடுப்பில் சாப்பிடும் ஒரே குடும்பம் என்று கணக்கு. அப்புறம் எதையும் எங்கும் எடுத்துப் போகலாம். இதற்குக் கூட்டு என்று பெயர். ஒரு வீடு சேரவில்லை என்றால் ஏழு வீட்டுக்கும் கை கட்டப்பட்ட மாதிரிதான்.

பல வருஷமாகக் கூட்டு ரொட்டிக் கூடை பெரூனா வீட்டு மாடத்தில்தான் இருந்தது. மழைக்காலத்தில் அவர் வீட்டுக் கூரை ஒழுகி, இரண்டு வாரம் ரொட்டியெல்லாம் நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டது. பெண்கள் கூடிப் பேசி, எதிர்வீட்டு ஹாத்தாய் வீட்டுக்கு மாற்றினார்கள். ஹாத்தாய் பேரீச்சை மது வடிக்கிறவன். நல்ல கூரை, பெரிய வாய்.

அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. மாற்றிய அன்று கிணற்றடியில் பெரூனா காதுபட அவன் சொன்னான்: "அண்ணன் வீட்டுல எதுக்குங்க இன்னொரு கூடை? அவரே ஒரு கூடைதானே. உள்ள பூரா சட்டம். கூடைக்கு உள்ள என்ன இருக்குன்னு கூடைக்குத் தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பெரூனாவுக்குப் புதிதல்ல. மண்டபத்திலும் இளவட்டங்கள் முதுகுக்குப் பின்னால் இதையேதான் சொன்னார்கள்: பாரசீகர்களின் நெருப்புக் கோயில் பூசாரி முணுமுணுக்கிற மாதிரி இந்த ஆளும் முணுமுணுக்கிறார், பொருள் தெரியாமல். அங்கே பொறுத்துக்கொண்டார். சொந்த முற்றத்தில் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹாத்தாயின் மனைவி இம்மி ரொட்டி வாங்க வந்தபோது, ஷில்தா எடுத்து நீட்டிய ரொட்டியைப் பெரூனா நடுவில் கை நீட்டி வாங்கித் திரும்ப உள்ளே வைத்தார்.

"இந்த வீட்டு ரொட்டி அந்த வீட்டுக்குப் போகாது. வேணும்னா பழைய இடத்துல கொண்டாந்து வைக்கட்டும்."

"ஏங்க, சூரியன் இறங்கிட்டிருக்கு," என்றாள் ஷில்தா.

"இறங்கட்டும்."

இறங்கியது. அந்த ஓய்வுநாளில் முற்றமே சிறையாகப் போயிற்று. மற்றவர்களாவது ஆறிப்போன பயறைத் தின்று சமாளித்தார்கள். மூலை வீட்டில் பாபனோய் இருந்தாள். நாற்பது வயது, விதவை, நூல் நூற்றுப் பிழைக்கிறவள். போன மாதம் மொட்டைமாடிப் படியில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கை. முற்றத்துப் பெண்கள் முறை வைத்துக் கஞ்சியும் தண்ணீரும் கொண்டு போவார்கள். அன்று காலையில் பூனை தாவி அவள் தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட்டது. கிணறு இருபது அடி தூரத்தில். குடத்தோடு நான்கு பெண்கள் கிணற்றடியில் நிற்கிறார்கள், ஆனால் கொண்டு போக முடியாது. உச்சிவேளையில் தெருவோடு போன, இந்தச் சட்டம் கட்டாத பாரசீக வண்ணான் ஒருவன் எட்டிப் பார்த்து, என்ன கூத்து இது என்று கேட்டு, அவனே இறைத்து அவள் வாயில் ஊற்றிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனான்.

பெரூனா இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மனம் சங்கடப்பட்டது. ஆனாலும் ஒரு மூலையில், இனி வந்து கேட்பார்கள் என்று ஒரு நினைப்பு. வந்து கேட்டால் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தார்.

அவர்கள் அவரிடம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஹாத்தாய் பாடமண்டபத்துக்கு வந்தான். வேலைநேரத் துணியோடு, புளிப்பு வாசனையோடு, நேரே ராவ் நெஹுமி முன்னால் நின்றான்.

"ஐயா, ஒரு கேள்வி. ஒரு முற்றத்துல ஒருத்தர் கூட்டுல சேரமாட்டேங்கறார். ஆனா அவர் வீட்டம்மா தரேங்குது. அவருக்குத் தெரியாம அந்தம்மா ரொட்டி குடுத்தா, அது செல்லுமா, செல்லாதா?"

எந்த முற்றம், எந்த ஒருத்தர் என்று மண்டபத்தில் தெரியாதவர் யாரும் இல்லை. சிலர் தாடிக்குள் சிரித்தார்கள். பெரூனாவுக்குக் காது சூடேறியது. ஹாத்தாய் வந்தது அல்ல, 'வீட்டம்மா தரேங்குது' என்பதுதான் தைத்தது. ஷில்தா ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

முன்வரிசையில் வாதம் தொடங்கியது. ரொட்டி கணவனுடையது, அவன் சொத்து என்றார் ஒருவர். வீட்டில் அடுப்பும் மாவும் அவள் கையில்தானே என்றார் இன்னொருவர். கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் போயிற்று. பிறகு ராவ் நெஹுமி வலப்பக்கம் திரும்பினார்.

"பெரூனா, உன்கிட்ட இருக்கா?"

இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. அடுத்தடுத்த இரண்டு மரங்களில். பெரூனா கண்ணை மூடி ஆடினார்.

"ஒருவன் மனைவி, கணவனுக்குத் தெரியாமல் கூட்டுக்குக் கொடுத்தால், அது கூட்டு ஆகாது."

அடுத்த வரி நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அது இதற்கு நேர் எதிர்: கணவனுக்குத் தெரியாமல் மனைவி கொடுத்தாலும் அது கூட்டுதான். பெரூனா வாயை மூடினார்.

"அதுக்கு மேல?" என்றார் ராவ் நெஹுமி.

"இல்லை."

அவ்வளவுதான். ஒரு சொல். தலைமை ஆசான் தலையசைத்தார். "கேட்டியாப்பா? செல்லாது. போய் அந்த ஆளைச் சமாதானம் பண்ற வழியைப் பாருங்க." ஹாத்தாய் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் ஷில்தா சாப்பாடு வைத்தாள். எண்ணெயும் பூண்டும் போட்ட பீட்ரூட் கீரை, அவருக்குப் பிடித்தது. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு பேசினாள்.

"இரண்டாவது வரி எங்க?"

பெரூனா நிமிர்ந்து பார்த்தார்.

"ஒவ்வொண்ணும் நாப்பது தடவை சொல்லுவீங்க. மாவு பிசையறவளுக்குக் காது இல்லையா? அந்த வரி இருக்குன்னு தெரிஞ்சுதான் இம்மிகிட்ட சொல்லி அவ புருஷனைக் கேக்க அனுப்பினேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"வெள்ளிக்கிழமையே சொன்னேன். இறங்கட்டும்னீங்க." அவள் தட்டை எடுத்தாள். "பயப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உங்க வாயில வந்தா அது சட்டம். என் வாயில வந்தா வீட்டுச் சண்டை."

புதன்கிழமை பெரூனா வழக்கம்போல மரங்களை எண்ணிக்கொண்டு நடந்தார். அன்று மண்டபத்தில் கூட்டுச் சட்டங்கள்தான் தொடர்ச்சி. ஆகவே அதே பகுதி. அந்த இரண்டாவது மரம் வந்தது. சாய்ந்து கால்வாய்ப் பக்கம் எட்டிப் பார்க்கிற மரம். அதை வாய் திறக்காமல் தாண்டினார். அடுத்த மரத்தடியில் வந்தது அந்த மரத்தின் வரி அல்ல. ஒரு வரி பின்தங்கியிருந்தது. சரி செய்யப் பார்த்தார். இரண்டு வரி முந்திப் போயிற்று. மண்டபத்துக் கதவை அடைந்தபோது கையில் ஒரு வரி மிச்சம் இருந்தது, எந்த மரத்துடையது என்று தெரியவில்லை. பாலத்தடிக்குத் திரும்பி முதலிலிருந்து நடந்தார். மறுபடியும் அப்படியே.

வியாழக்கிழமை மண்டபத்தில் அவரை ஒப்பிக்கச் சொன்னபோது, ஒரு சந்து முழுக்கச் சேர்ந்து வைக்கும் கூட்டைப் பற்றிய ஒரு சின்ன வரி, பிள்ளைகள்கூட அறிந்தது, அதன் நடுவில் "கணவனுக்குத் தெரியாமல்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டு நின்றது. பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

"அண்ணனுக்கு வீட்டு ஞாபகம்!"

ராவ் நெஹுமி அவனை முறைத்தார். "உடம்பு சரியில்லையா, பெரூனா?"

"சரியாத்தான் இருக்கு, ஐயா."

"போய்ப் படு."

பொழுது சாயுமுன் வீட்டுக்கு வந்தார். முற்றத்து வாசல் அருகே குரல்கள் கேட்டு நின்றார். கிணற்றடியில் ஹாத்தாயும் நான்கு பெண்களும். பாபனோயின் தம்பி மூன்று கால்வாய் தாண்டி ஓர் ஊரில் இருக்கிறான். நாளைக்குக் காலையில் அவளை மாட்டுவண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் விடுவது என்று பேச்சு.

"இடுப்பு எலும்பு இன்னும் கூடலை," என்றாள் இம்மி. "அந்த மேடு பள்ளத்துல வண்டி போனா அந்தப் பொண்ணு உசிரோட போய்ச் சேருமா?"

"வைக்கோல் நிறையப் போடுவோம். வேற என்ன பண்றது? இன்னொரு சனிக்கிழமை தண்ணியில்லாம கிடக்கவா?" என்றான் ஹாத்தாய்.

"ஷில்தா குடுக்கறேங்குதே. வாங்கி வச்சா என்னவாம்? மண்டபத்துக்காரங்களா வந்து பாக்கப் போறாங்க?" என்றாள் இன்னொருத்தி. "அந்த மனுஷன் கோவத்துல எதையாவது மாத்திச் சொல்லியிருப்பார்."

"ச்சீ!" ஹாத்தாயின் குரல் உயர்ந்தது. "அந்தப் பேச்சு மட்டும் பேசாதீங்க. நான் அவரைக் கூடைன்னுதான் சொல்லுவேன், மூஞ்சிக்கு நேராவே சொல்லுவேன். ஆனா பெரூனா அண்ணன் வாயில வந்தது மாத்தி வராது. அவர் கழுத்துல கத்தி வச்சாலும் ஒரு எழுத்தை விடமாட்டார். செல்லாதுன்னு அவர் சொன்னா செல்லாது. வண்டியைப் பாருங்க."

பெரூனா வாசலுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றார். அவன் இன்னொரு முறை கூடை என்று திட்டியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ரொட்டியைக் கொடுத்துவிடலாம். இப்போதே உள்ளே போய், இந்தா என்று இம்மி கையில் கொடுத்துவிட்டால் வண்டி நின்றுவிடும், பாபனோய் தன் கட்டிலிலேயே படுத்திருப்பாள், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம். இரண்டு எட்டு எடுத்தும் வைத்தார். மூன்றாவது எட்டு வரவில்லை. ரொட்டி கொடுத்தால் இந்த முற்றம் பிழைக்கும். அந்த வரி? அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த வட்டாரத்தில் அது வேறு எவரிடமும் இல்லை. நாளைக்கு எந்த ஊரிலோ, எந்த முரட்டு மனிதனுடைய மனைவியோ ரொட்டியை மாராப்புக்குள் மறைத்துக்கொண்டு நிற்பாள். செல்லாது என்று ராவ் நெஹுமியின் தீர்ப்பு அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். ஒப்பித்தது பெரூனா, ஆகவே சரியாகத்தான் இருக்கும் என்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மண்டபத்தில் பாடம் தொடங்குமுன் பெரூனா எழுந்து நடுவில் வந்து நின்றார். அந்த இடத்தில் அவர் நின்று யாரும் பார்த்ததில்லை.

"ஐயா. செவ்வாய்க்கிழமை கேட்டதுக்கு இன்னொரு வரி இருக்கு."

கண்ணை மூடவில்லை, ஆடவில்லை. "ஒருவன் மனைவி, கணவனுக்குத் தெரியாமல் கூட்டுக்குக் கொடுத்தால், அது கூட்டுதான்."

ராவ் நெஹுமி மெதுவாகக் கேட்டார்: "ரெண்டும் உன்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பதினெட்டு வருஷம். எவ்வளவுதான் ஞாபகம் வச்சுக்க முடியும்? மறந்திருப்பே."

பெரியவர் கதவைத் திறந்து வைத்துவிட்டார் என்பது பெரூனாவுக்குப் புரிந்தது. ஆம் என்று தலையசைத்தால் போதும்.

"மறக்கலை, ஐயா. விழுங்கிட்டேன். அந்த முற்றம் என்னோடது. வீட்டம்மா என் வீட்டம்மா. அங்க இடுப்பு ஒடிஞ்சு கிடக்கற பாபனோயை இப்ப வண்டியில ஏத்தப் போறாங்க."

பின்வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ராவ் நெஹுமி முன்வரிசையைப் பார்த்து, "முதல்ல சட்டத்தைப் பார்ப்போம். அங்க ஒரு அம்மா படுத்திருக்காங்க," என்றார்.

இரண்டு வரியும் உண்மை என்றால் இரண்டுக்கும் இடம் வேண்டும். எங்கே செல்லும், எங்கே செல்லாது? வாதம் சுற்றி வந்தது. தெருப்பக்கம் தனி வாசல் வைத்து இந்த முற்றத்தைப் புழங்காதவன் வீட்டு ரொட்டியை மனைவி தானாகக் கொடுப்பானேன் என்றார் ஒருவர். அப்போது ராவ் நெஹுமி கையைத் தூக்கினார். "அதேதான். அவன் சேராம இருந்தா மத்தவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லைங்கற இடத்துல, அவ குடுத்தது செல்லாது. அவன் ஒருத்தன் சேராததால முற்றமே கட்டுப்பட்டுக் கிடக்குதுன்னா, அங்க அவ குடுத்தது செல்லும். அவனுக்குத் தெரியவேண்டியதில்லை."

இளைஞன் ஒருவனை உடனே முற்றத்துக்கு அனுப்பினார்: வண்டியை அவிழ்க்கச் சொல். அப்புறம் பெரூனா பக்கம் திரும்பினார்.

"முப்பது நாள் அந்தத் தூண்கிட்ட உக்காராதே. கடைசி வரிசையில இரு. முப்பதாம் நாள் முழுசா ஒப்பிக்கணும், நாங்க கேப்போம்."

"சரி, ஐயா."

"இன்னொண்ணு. நீயா வந்து சொல்லலைன்னா, நான் தப்பான தீர்ப்போடயே செத்திருப்பேன்." இதைச் சொல்லிவிட்டு அவர் பாடத்துக்குத் திரும்பிவிட்டார்.

பெரூனா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த இளைஞன், வியாழக்கிழமை சிரித்தவன்தான், கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டான்.

மத்தியானம் வீடு திரும்பும்போது முற்றத்து வாசலில் காளைகள் அவிழ்த்துக் கட்டப்பட்டிருந்தன. ஹாத்தாய் வண்டியிலிருந்து வைக்கோலை இறக்கிக்கொண்டிருந்தான். பெரூனாவைப் பார்த்ததும் வைக்கோலோடு நின்றான். மண்டபத்தில் நடந்தது அவனுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"அண்ணே," என்றான். வைக்கோலைக் கீழே போட்டான். "உங்க கூரையை ஞாயித்துக்கிழமை நான் வந்து பூசிக் குடுக்கறேன். மண்ணு என்கிட்ட கிடக்கு," என்றான்.

"மூலையில பார்த்துப் பூசு. அங்கதான் ஒழுகுது," என்றார் பெரூனா.

வீட்டுக்குள் சுட்ட ரொட்டி வாசனை. ஷில்தா அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டிகளைத் துணிமேல் பரப்பியிருந்தாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"ஒண்ணு எடு. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்."

"வேண்டாம்."

"ஏன்?"

"இது நான் குடுக்கற ரொட்டி. சட்டமே எனக்கு இருக்கு. இன்னிக்கு மண்டபத்துல நீங்கதான் சொன்னீங்களாம்." அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் இருந்த மாதிரியும் இருந்தது. "உங்களுக்குத் தெரியாம குடுக்கணும். நீங்க இங்க நின்னா எப்படித் தெரியாம இருக்கும்? வெள்ளிக்கிழமை. குளியல் வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

பெரூனா கையைத் துடைத்தார். மாற்றுத் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார். கிணற்றைத் தாண்டி வாசல்வரை போனவர், தாங்க முடியாமல் நின்று, ஆனால் திரும்பிப் பார்க்காமல், சத்தமாகச் சொன்னார்:

"ரொட்டி முழுசா இருக்கணும்! ஓரம் பிச்சது ஆகாது!"

"எந்த ரொட்டி?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "போங்களேன்!"